சம்பந்தி சஹன்

“...அதுக்கும் சைபர்தான், எழுதும்வே. எழுதுதீரா, இல்ல நான் கத்தணுமா?”

கத்துவதற்குப் பாயிடம் குரல் இல்லை. பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு போனபோது நாக்கையும் பாதி தடிக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. ஈரத்துணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். இங்கே அவர் பேச்சைப் பிழிந்து காயப்போட்டு எழுதுகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் குனிந்து, காதைக் கொடுத்து, திட்டும் வாங்கிக்கொண்டுதான் பிழிந்தேன்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை அது. கீழே பட்டறை, மேலே குடும்பம், நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. முதலாளியான பாய் ஏணியில் ஏற முடியாமல் கீழேயே, தோல் சுருள்களை அடுக்கி வைக்கிற பின்பக்கத்தில், ஒரு கட்டிலில் கிடந்தார். வாசலோரம் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் இப்போது அவருடைய தம்பி. நடுவில் தையல் மெஷின்கள், ஒட்டுகிற சொல்யூஷன் நாற்றம், குனிந்த தலைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். பேச்சு மட்டும் தாமிரபரணித் தண்ணீரை நேற்றுத்தான் குடித்தது மாதிரி இருக்கும்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், ஆனால் இந்து. எண்பதுகளின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில், கைகால் பயிற்சி கொடுக்கிற பிரிவில் எடுபிடியாக இருந்தேன். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது, நின்றவரை விழாமல் பிடிப்பது. பள்ளிப் படிப்பு ஐந்தோடு சரி. மீதியெல்லாம் லோக்கல் ரயிலிலும் டீக்கடையிலும் அடுத்தவர் வாயிலும் படித்தது. யாராவது நல்ல சொலவம் ஒன்று சொல்லிவிட்டால் இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிடுவேன். அந்த ஆசைக்காகத்தான் இந்த வேலையை ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டாக்டரம்மா மராட்டிக்காரர், பொறுமை கம்மி. லக்வா, அதாவது பக்கவாதம், அடித்து, பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று அளந்து பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது. “நடக்கிறானா என்று இங்கேயே பார்த்துவிடுகிறேன். நடந்து எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான், நாலு பேர் கூடுகிற இடத்தில் இருக்கிறானா? அதை யார் பார்ப்பது?” என்று இந்தியில் கேட்டார். கேள்விகளை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை போட வேண்டும். மூன்று என்றால் முன்னே மாதிரியே, சைபர் என்றால் அறவே இல்லை. தமிழ் வீடுகளுக்கு என்னை அனுப்பினார்.

போன வீட்டிலெல்லாம் இதைப் பரீட்சை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டாப் ஹில்லில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த மனுஷனுக்கு அவர் மனைவி எல்லாக் கேள்விக்கும் மூன்று மூன்றாகச் சொல்லி முடித்து, “பாஸா தம்பி?” என்று கேட்டார். மறுவாரம் அந்த வழியாகப் போனபோது எனக்கு லட்டு கிடைத்தது. மாட்டுங்காவில் ஓர் ஆபீஸ் குடும்பம் என்னை வாசலிலேயே நிறுத்தி, “இதுக்கு சர்டிபிகேட் ஏதாவது குடுப்பேளா?” என்றது. இல்லை என்றதும் கதவு பாதி சாத்திக்கொண்டது.

பாய் வீட்டில் மட்டும்தான் நோயாளியே தன்னை ஃபெயில் ஆக்கிக்கொள்ள ஒற்றைக்காலில் நின்றார்.

“சொந்தக்காரங்க, சினேகிதங்க பாக்க வாராங்களா?” என்று கேட்டேன்.

“சைபர்.”

ஏணியின் பாதியில் நின்றுகொண்டிருந்த பாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் பொய் சொல்லுதிய? நேத்துத்தானே எங்க காக்கா வந்துட்டுப் போனாக?” காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

“வந்தாரு. தம்பிகிட்டப் பேசுனாரு. போறப்போ இந்தக் கட்டிலைத் தட்டிட்டுப் போனாரு. கட்டிலுக்கு மூணு போடும். எனக்குச் சைபர்.”

“பள்ளிவாசலுக்குப் போறீங்களா?”

“கூட்டிட்டுப் போறானுவ. செருப்பு விடுத எடத்துல நாற்காலியப் போட்டு உக்கார வைக்கானுவ. தொழுகை முடிஞ்சதும் செருப்பையும் என்னையும் எடுத்துட்டு வாரானுவ. சைபர் போடும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

“வீட்டுல, பட்டறைல ஒரு முடிவு எடுக்குறப்போ உங்களைக் கேக்குறாங்களா?”

இதற்கு வாசலிலிருந்து தம்பிக்காரர் பதில் சொன்னார். “காக்காவைக் கேக்காம இங்க ஒரு ஊசி நகருமா? மூணு போடுப்பா.”

“போடும், அவனுக்குப் போடும்” என்றார் பாய். நல்ல இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. “இவ்வளவு நேரம் நான் என் மார்க்கையா சொல்லுதேன்? இவனுவ மார்க்கைல்லா சொல்லிக்கிட்டு இருக்கேன்! வரலேன்னா வராதவனுக்குத்தானவே சைபர்? கெடக்குதவனுக்கு எதுக்கு?”

“வாதம் தலைக்கு ஏறிட்டு” என்று தம்பிக்காரர் பொதுவாகச் சொன்னார். யாரையும் பார்க்காமல், மெஷின்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவை மறுபடி ஓடத் தொடங்கின.

எனக்கும் எரிச்சல்தான். வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத வீடு. ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மாவிடம், “இந்த ஆள் வேண்டுமென்றே பொய் சொல்கிறார், பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறார், நானே விசாரித்தேன்” என்றேன்.

“உன்னை நீதிபதியாக யார் வைத்தது?” என்றார். “கேள்வி அவனைப் பற்றியது. பதில் அவனுடையது. நீ நடுவில் நுழையாதே.” தாளை வாங்கி, பாய் சொன்ன பதில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாய் பயிற்சிக்கு வருகிற நாளில் அவரோடும் டாக்டரம்மா இதே மாதிரிதான் பேசினார். “இந்தக் கை இனி வராது. நான் பொய் சொல்ல மாட்டேன். இடது கையால் எழுதப் பழகு, பொத்தான் போடப் பழகு, சாப்பிடப் பழகு.” நான் அதைத் தமிழில் சொன்னதும் பாய் கேட்டார்: “அந்தம்மாகிட்டக் கேளும், எங்க ஜனத்துல இடது கையால திங்கிறவன் பக்கத்துல எவன் உக்காருவான்னு.” நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அதெல்லாம் தெரியாமலா இருக்கும்? அவருடைய வேலை கையைப் பழக்குவது.

இப்போது சஹன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அந்த ஜனங்களுக்குள் விருந்தென்றால் ஆளுக்கொரு இலை கிடையாது. பெரிய வட்டத் தட்டு ஒன்று, அதற்குப் பெயர் சஹன். நெய்ச்சோறு மலை மாதிரி நடுவில், சுற்றி நாலு பேர், எல்லாருடைய கையும் ஒரே சோற்றில். பணக்காரன், ஏழை, முதலாளி, தொழிலாளி, எவனோடு எவனும் உட்காரலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். முதல் தடவை பார்த்தபோது, ‘நம்ம ஆளுங்க சமபந்தின்னு மேடை போட்டுப் பேசுறதை இவங்க பேசாம சாப்பிட்டுட்டுப் போயிடுறாங்களே’ என்று நினைத்தேன். கல்யாணத்தில் இன்னொரு முறை உண்டு. பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையைப் பெற்றவரும் ஒரே சஹனில் உட்கார வேண்டும். பெண்ணைப் பெற்றவர் கறியைப் புட்டு, நல்ல துண்டாக எடுத்து, சம்பந்தி பக்கம் தள்ளி வைக்க வேண்டும். பிறகு முதல் வாய் சோற்றை எடுக்க வேண்டும். அவர் எடுக்கும்வரை அந்தச் சஹனில் யாரும் தொட மாட்டார்கள்.

பாயின் மூத்த மகளுக்குக் குர்லாவில் மாப்பிள்ளை முடிவானது.

அப்புறம்தான் சண்டை முற்றியது. தம்பிக்காரர் ஒரு நாள் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். காக்கா கூட்டத்தில் இருக்கக்கூடாது, கீழே உட்காரக்கூடாது என்று டாக்டர் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். நான் மொழிபெயர்த்தேன்.

டாக்டரம்மா என்னையே கேட்டார். “அவன் தரையில் உட்காருவானா?”

“பிடித்து இறக்கினால் உட்காருவார். எழுந்திருக்க ஒருத்தர் வேண்டும்.”

“அப்புறம் எதற்கு எழுதித் தர வேண்டும்? வீட்டை விட்டு வெளியே போ, நாலு பேரோடு இரு என்று நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். இவன் என் கையாலேயே பூட்டுப் போடப் பார்க்கிறான். போகச் சொல்.”

“எழுத முடியாதாம்” என்று மட்டும் தம்பிக்காரரிடம் சொன்னேன். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும் என்பதை நானும் டாக்டரம்மாவும் மறந்திருந்தோம்.

மாடிப்படியில் என் சட்டையைப் பிடித்தார். “ஏல, நீயும் நம்ம ஊருப் பக்கம்தானே? ஒனக்குத் தெரியாதா? பள்ளிவாசல் ஆலிம்சாகிட்டக் கேட்டாச்சு. ஏலாதவன் இடது கையால திங்கலாம், குத்தமில்லன்னுட்டாரு. மார்க்கத்துல மன்னிப்பு இருக்கு. மனுசன்கிட்ட இருக்கா? சம்பந்தி சோத்துல காக்கா எச்சி வடிஞ்சா அது சோத்துலயா வடியும்? எங்க புள்ள வாழ்க்கையில வடியும். குர்லாக்காரன் நாளைக்கு எங்க பரம்பரைக்கே வாதம்னு பேசுவான். அடுத்த புள்ளையை எவன் கேட்டு வருவான்?”

சட்டையை விட்டார். பிறகு, எனக்காக இல்லை, அந்தப் படிக்கட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “வெள்ளென, ஆள் நடமாட்டத்துக்கு முந்தி, அவரை முதுகுல தூக்கிட்டுக் கக்கூஸுக்குப் போறவன் நான். அதுக்கு அந்தப் பேப்பர்ல மார்க்கு இருக்கா?”

இல்லை. அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது என்பது நிஜம். ஆனால் பிடித்த கை சட்டையில் சொல்யூஷன் கறையை விட்டுவிட்டுப் போயிருந்தது. துவைத்தும் போகாத கறை. அதனால் வெறுப்பும் சுலபத்தில் போகவில்லை.

இரண்டாவது முறை கேள்விகளோடு அந்தப் பட்டறைக்குப் போனபோது கேள்வி கேட்கவே வழியில்லை. குடும்பம் முழுக்க அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தது. தம்பிக்காரர் தன் ஏற்பாட்டைச் சொல்லியிருந்தார்: பந்தலுக்குள்ளேயே ஒரு திரை, திரைக்குப் பின்னால் நாற்காலி, தனித் தட்டு, ஒரு ஸ்பூன். சம்பந்தி சஹனில் அண்ணனுக்குப் பதிலாகத் தான் உட்காருவது.

“ஸ்பூனா? நான் என்ன ஐஸ்கிரீமா திங்கப் போறேன்?” என்றார் பாய்.

“பந்திக்கு முந்துன்னு சொல்லுவாக. நீங்கதான் முதல்ல திங்கப் போறிய. எல்லாருக்கும் முந்தி ஒங்களுக்குத்தான் வரும்” என்றார் தம்பிக்காரர்.

“நாய்க்கும் முந்தித்தான்ல போடுவானுவ, கொலைக்காம இருக்க.”

பாயம்மா நடுவே புகுந்தார். “அவுக வாப்பா இல்லியா? அவுகளைத் திரைக்குப் பொறத்தால வச்சிட்டு, நீங்க உக்காந்தா, குர்லாக்காரங்க கேக்க மாட்டாங்களா, பொண்ணுக்கு வாப்பா எங்கன்னு?”

“கேட்டா சொகமில்லன்னு சொல்லுவோம் மைனி.”

“சொகமில்லன்னு தெரியாமலா பொண்ணு கேட்டு வந்தாக? அவுகளுக்குத் தெரிஞ்ச சங்கதிய மூடத்தான் திரையா?”

“தெரியுறது வேற. பாக்குறது வேற.”

அது நல்ல சொலவம்தான். வேறு நேரமாக இருந்தால் மனதில் குறித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போதுதான் மேலேயிருந்து, ஏணிக்கு அப்பாலிருந்து, கல்யாணப் பெண்ணின் குரல் வந்தது. முகம் தெரியவில்லை. “சாச்சா சொல்றது சரிதான் உம்மா. வாப்பா உள்ளேயே சாப்பிடட்டும்.”

பாயம்மா ஏணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். தம்பிக்காரர்கூட, ஜெயித்தவர் மாதிரி இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் பாயைப் பார்த்தோம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இடது கையால் வலது கையை எடுத்து, ஒரு பொருளை எடுத்து வைப்பது போல, மடியில் வைத்தார்.

மற்றவர்கள் கலைந்தபின் என்னைக் கிட்டே கூப்பிட்டார். “கல்யாணத்துக்கு நீரு வாரும்.”

“எனக்கு டூட்டி இருக்கு பாய்.”

“லீவு போடும். இவ்வளவு நாளா ஒங்க கேள்விக்கெல்லாம் வாய் நோகப் பதில் சொன்னேம்லா? என்னைக் கீழே எறக்கி உக்கார வைக்க ஒரு ஆள் வேணும். இங்க ஒருத்தனையும் நம்ப மாட்டேன். ஒம்மையும் நம்பல. ஆனா ஒமக்கு அதுக்குத்தானே சம்பளம்.”

அழைப்பிதழ் என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

போனேன். தாராவியில் திறந்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சந்து முனையில் ஒரு சின்ன மைதானத்தை வளைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நிக்காஹ் பள்ளிவாசலில் முடிந்திருந்தது. பெண்ணைக் கொடுக்கிற வார்த்தையைத் தம்பிக்காரர்தான் அண்ணன் சார்பில் சொன்னாராம். பாய் தலையை ஆட்டினாராம். பந்தலுக்குள் ஜமுக்காளம் விரித்து, நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் பருப்புமாகச் சஹன்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நீலத் திரை. அதன் பின்னால் நாற்காலியும் தட்டும் ஸ்பூனும் தயாராக இருந்தன. ஸ்பூன் புதுசு. விலைச் சீட்டு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாய் என் தோளைப் பிடித்தபடி வந்தார். வலது காலை அரைவட்டமாக இழுத்து இழுத்து வைப்பார். பந்தலில் பேச்சு குறைந்து, வழி தானாக விட்டது. நீலத் திரை வந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டி நடந்தார். நான் தாங்கிக்கொண்டே போனேன்.

முதல் வரிசையில் சம்பந்தி சஹன். மாப்பிள்ளையைப் பெற்ற குர்லாக்காரரும் அவருடைய அண்ணனும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இடத்துக்குத் தம்பிக்காரர் குனியப் போனவர், எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து குறுக்கே வந்தார்.

“காக்கா. உள்ள.” பல்லைக் கடித்துக்கொண்டுதான். சிரித்த முகத்தைக் கலைக்காமல்.

“தள்ளுல.”

“காக்கா, ஒங்க கால்ல விழுதேன். எல்லாரும் பாக்காங்க.”

“பாக்கட்டும். அதுக்குத்தானே பந்தல் போட்டிருக்கு?” என்றவர் என்னைப் பார்த்தார். “எறக்கும்.”

இது எனக்குத் தெரிந்த வேலை. பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, என் முழங்காலை அவர் இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, இடது காலை மடக்கச் சொல்லி, வலது காலை நானே மடக்கி, மெதுவாக இறக்கினேன். உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது, இரண்டு பேருக்கும். குர்லாக்காரர் தன் முழங்காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்சம்தான். ஆனால் அங்கே அதைப் பார்க்காதவர் யாருமில்லை.

“நீயும் உக்காரு” என்றார் பாய் தம்பியிடம். “நாலு பேருக்குத்தானே சஹன்?”

இவ்வளவு கண்களுக்கு நடுவில் தம்பிக்காரர் வேறென்ன செய்வார்? அண்ணனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். செம்பும் படிக்கமுமாகக் கை கழுவ ஊற்றுகிறவன் வந்தான். குர்லாக்காரர்கள் கழுவினார்கள். தம்பிக்காரர் கழுவினார். செம்பு பாயிடம் வந்தது. அவர் எந்தக் கையையும் நீட்டவில்லை. வலது கை மடியில் கிடந்தது. இடது கையைத் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். ஊற்றுகிறவன் விழித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தான்.

“கறியப் புட்டு வையி” என்றார் தம்பியிடம். “சம்பந்தி பக்கம். எலும்பில்லாமப் பாத்து வையி.”

தம்பிக்காரர் சஹன் பக்கம் குனிந்தார். கறியைப் புட்டார். நல்ல துண்டாகத் தேடி குர்லாக்காரர் பக்கம் தள்ளி வைத்தார். குர்லாக்காரரின் அண்ணன் பக்கமும் வைத்தார். முறைக்கு ஒரு குறையுமில்லை. இனி பெண்ணைப் பெற்றவர் முதல் வாய் எடுக்க வேண்டியதுதான். பின்வரிசைகளில் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. முன்வரிசையில் ஒருவரும் தொடவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்த சோற்றைச் சுற்றி மூன்று கைகள் சும்மா காத்திருந்தன.

தம்பிக்காரர் குனிந்து, உதடு அசையாமல், “காக்கா, ஆரம்பிங்க. எந்தக் கையானாலும் பரவாயில்ல, ஆரம்பிங்க” என்றார்.

பாய் சம்பந்தியைப் பார்த்து, அன்றைக்கு அவர் சொன்னதிலேயே தெளிவாக, “பிஸ்மில்லா” என்றார். பிறகு உடம்பை முழுக்கத் திருப்பித் தம்பியின் வலது கையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பந்தல் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, வாயை அகலத் திறந்தார். கோணிய உதட்டோரம் எச்சில் இறங்கித் தாடியில் தொங்கியது. அவர் துடைக்கவில்லை. தொடைக்கடியில் இருந்த கையை எடுக்கவில்லை. திறந்த வாயை மூடவும் இல்லை.